மேரி அக்கா திருப்பி வைத்த ஃபேன்

திண்டுக்கல் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் ஆசிரியர் நான். ஒருநாள் ஆய்வகத்தில், ஒரு பெரிய பிரவுசரை அதன் மூல நிரலிலிருந்து உருவாக்க முயன்றேன்; பல மணி நேரம் ஓடவேண்டிய வேலை அது. காலையிலிருந்து ஓடிய கம்ப்யூட்டரின் திரை, மாலையில் இருண்டு கிடந்தது.

பெருக்கிக்கொண்டிருந்த மேரி அக்காவிடம், மாணவர்கள் முன்னாலேயே, “எதுக்கு ஆஃப் பண்ணீங்க?” என்று கத்தினேன்.

“நான் தொடல சார். பொட்டி அம்புட்டு சூடா இருந்துச்சு, ஃபேனத்தான் அதுக்குத் திருப்பி வச்சேன்.”

“பொய் சொல்லாதீங்க!”

கண் கலங்கி வெளியே போய்விட்டார். நான் ஒரு விசையைத் தட்டினேன். திரை ஒளிர்ந்தது. கம்ப்யூட்டர் அணையவே இல்லை; யாரும் தொடாததால் திரை மட்டும் தானாக இருண்டிருந்தது. டிஸ்கில் இடமில்லாமல் வேலை நின்றுவிட்டதாகத் திரையில் பிழைச் செய்தி இருந்தது. இடத்தை முன்பே பார்க்காதது என் தவறு.

மறுநாள் அதே மாணவர்கள் முன் மேரி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க சார், இன்னைக்காச்சும் முடிஞ்சிருமா?” என்றார்.

டிஸ்கில் இடம் ஏற்படுத்தி மறுபடி ஓடவிட்டேன்; முடிந்தது. பிழைச் செய்தியை முழுதாகப் படிக்கச் சொல்லிக்கொடுப்பவன் நான். அன்று எதையும் படிக்காமலே ஒருவரைப் பொய்க்காரி ஆக்கினேன்.