கிராம்பு மரத்தடியில் ஒரு கிசுகிசுச் சண்டை

சபருவா தீவில் வெல்மின்சேயை மிஞ்சிக் கிராம்பு மரம் ஏற ஆள் கிடையாது. இதை அவளே சொல்லிக்கொள்வாள். மறுத்துப் பேசியவரும் இல்லை. ஆண்கள் மூங்கில் ஏணியைச் சாத்தி முடிப்பதற்குள் அவள் உச்சிக்கிளையில் பாதிக் கூடையை நிரப்பியிருப்பாள். தேவாலயப் பாடகர் குழுவிலும் மெல்லிய உச்சக் குரல் அவளுடையதுதான்.

அவள் பிறந்தபோது அப்பா நட்ட மரம் ஒன்று மலைச்சரிவில் நிற்கிறது. இந்தப் பருவம் அதன் மொட்டுகளைத் தானே பறிக்கப்போவதாகத் தம்பி எலிஃபாஸ் கிளம்பிவிட்டான்.

மொட்டு விட்ட கிராம்பு மரம் அந்த ஊராருக்குப் பிள்ளைத்தாய்ச்சி. மொட்டு பறித்து முடியும்வரை அதன் அடியில் யாரும் சத்தம் போடக்கூடாது. அதனால் அக்காளும் தம்பியும் கிசுகிசுத்தே சண்டை போட்டார்கள்.

"கட்டிக்கிட்டுப் போனவளுக்கு இங்க என்னக்கா மரம்?"

"என் தொப்புள்கொடி இதுக்கடியிலதான்டா கிடக்கு. நான் போனா அதுவும் கூடவே நடந்து வந்துடுமா?"

"வருஷா வருஷம் நீதானே ஏறுற?"

"ஏறத் தெரிஞ்சவ ஏறுறேன். உனக்கு நாற்காலியில ஏறினாலே தலை சுத்தும்!"

எலிஃபாஸுக்குப் பொறுக்கவில்லை. மலையே அதிரக் கத்திவிட்டான்:

"எனக்கு மட்டும் அப்பா ஏன் ஒரு மரம் நடல?"

அவன் பிறந்த வருஷம் கிராம்பு விலை விழுந்து, அப்பா மரங்களை விறகுக்கு வெட்டிக்கொண்டிருந்தார். அதை இவன் இத்தனை காலம் மனதில் வைத்துப் புழுங்கியிருக்கிறான் என்பது வெல்மின்சேக்கு இதுவரை உறைத்ததே இல்லை. வெட்கமாக இருந்தது.

ஊர்க்காட்டுக் காவல்காரர் ஒத்னியேல் மூச்சிரைக்க ஓடிவந்தார். மொட்டு மரத்தடியில் கத்தியவர் அந்தப் பருவம் அதில் ஏறக்கூடாது என்பது ஊர்க்கட்டு.

"யார் கத்தினது?" என்று தணிந்த குரலில் அதட்டினார்.

எலிஃபாஸ் தலையைக் குனிந்தான்.

"நான்தான் மாமா," என்றாள் வெல்மின்சே.

"ஆம்பிளைக் குரலால்ல கேட்டுது?"

"சளி பிடிச்சிருக்கு."

காவல்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இந்தத் தடவை நீ ஏறக்கூடாது. யார் பறிப்பா?"

"என் தம்பி இருக்கான்."

அவர் தலையாட்டிவிட்டு நடந்தார். எலிஃபாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்தான். வெல்மின்சே அவன் காதருகே குனிந்தாள்.

"ஒரு கிளை முறிஞ்சாலும் உன் காலை முறிச்சுடுவேன். நான் கீழயே நிக்கிறேன், பயப்படாம ஏறு."