தண்ணீர்க் குரங்கின் பிள்ளைகள்

மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று ஊரார் சொன்னால், எங்கள் மாமா ஒரு படி மேலே போய், அவன் கடலில் கிடந்த குரங்கிலிருந்து வந்தவன் என்பார். மாமா சங்கு குளிப்பவர். சண்டை தொடங்கிக் கடலுக்குப் போகத் தடை வந்தபின், பழைய சஞ்சிகைகளை வாசிப்பதுதான் அவருக்குத் தொழில். அப்பா முன்பே படகேறி இந்தியாவில் அகதி முகாமில் இருந்தார். எங்களையும் வரச்சொல்லிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஆறுமாதக் குழந்தையான தம்பியோடு கடலில் இறங்கமாட்டேன் என்று அம்மா மறுத்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

"குரங்குக்கு உடம்பெல்லாம் மயிர். எங்களுக்கு ஏன் இல்லை? ஆதியிலை நாங்கள் தண்ணிக்குள்ளை கிடந்தனாங்கள். குழந்தைப்பிள்ளை கொழுகொழுவெண்டு பிறக்கிறதே மிதக்கத்தான்!"

முற்றத்தில் என் பக்கத்தில் இருந்துகொண்டே, அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கும் கேட்கும்படி உரத்துச் சொல்வார்.

கடவுள் களிமண்ணால்தான் மனிதனைச் செய்தார் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருந்த நான் விடுவேனா? கேட்டேன்.

"ஓம் பிள்ளை, களிமண் குழைக்கத் தண்ணி வேணுமெல்லே?" என்றார்.

ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்புகிற ஆள் இல்லை நான். ஒருநாள் காலை தம்பியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், தொட்டித் தண்ணீரில் இறக்கிக் கையை எடுத்தேன். அவன் மிதக்கவில்லை. கண்ணைத் திறந்தபடியே அடிக்குப் போனான். நான் குளறிய குளறலில் அம்மா ஓடிவந்து அவனை அள்ளினார். கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டினார். பிறகு தும்மினான். பிறகு சிரித்தான்! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பூவரசங் கம்பு முறியும்வரை அம்மா அடித்ததுகூட அன்று நோகவில்லை.

பின்னேரம் மாமா வந்தபோது அம்மா தம்பியை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தண்ணிக்குள்ளை போட்டும் சிரிக்கிறானடா. சரி, ஓம்" என்றார்.

மாமாவின் கொள்கையை அம்மாவும் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் படகேறினோம். விடிகிற நேரம், கரை இன்னும் தூரத்தில் இருக்க, ரோந்துக்குப் பயந்த படகோட்டி எங்களைத் தண்ணீரில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மாமா என்னைத் தோளில் ஏற்றினார். அம்மாவுக்கு நெஞ்சளவு தண்ணீர். தம்பியை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நடந்தார். மாமா கேட்டும் கொடுக்கவில்லை.

கரையேறியதும் அம்மா அவனை மணலில் கிடத்தி, உச்சி முதல் உள்ளங்கால்வரை தடவினார்.

"இஞ்சை பார், பிள்ளை நனையேல்லையடா!"

மாமா மணலில் குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். எனக்குப் பாவமாக இருந்தது. தம்பி நீந்தாமலே வந்து சேர்ந்துவிட்டானே, இனி மாமாவின் கதையை யார் நம்பப்போகிறார்கள்?

"அழாதேங்கோ மாமா, நான் நம்புறன்" என்று அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.