மோகனராஜை மலையேற்றிய மாடுகள்

மோகனராஜ் அல்ப்ஸ் மலையில் ஏறவில்லை, மாடுதான் அவரை ஏற்றிவிட்டது என்று கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கதை உலாவியது. வத்தேகம போய்ச் சேர்வதற்குள் மாடு காளையாகியிருந்தது. மடவளையில் அதன் கொம்பில் இரத்தம். நம் ஊர் வதந்தியும் பஸ் போலத்தான், ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஆள் ஏற்றாமல் நகராது. சரி, விசாரிப்போமே என்று கிளம்பினேன்.

ஓய்வுபெற்ற அலுவலக லிகிதரான மோகனராஜுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பதவி. போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாட்களில் ஹந்தானை மலை ஏறும் கோஷ்டிக்கு அவர்தான் தலைவர். சம்பளம் கிடையாது, ஒரு துணிப்பை உண்டு. உள்ளே உப்பும் சவர்க்காரமும். அட்டை கடிக்காமலிருக்க ஒவ்வொருவர் காலிலும் தலைவர் தன் கையாலேயே பூசிவிடுவது வழக்கம். எத்தனையோ பெரிய மனிதர்கள் அவரிடம் காலை நீட்டிக்கொண்டு பவ்வியமாக நின்றிருக்கிறார்கள்.

மகள் நிரோஷினியைப் பார்க்க அவர் சுவிஸ் போயிருந்தபோது, பை கோஷ்டியில் ஒருவரான ஃபோன் கடை ஹுதைபாவின் கைக்குப் போனது. திரும்பி வந்ததும் பையைக் கேட்டார். மாடு ஏற்றிவிட்ட ஆளிடம் காலைக் கொடுக்கலாமா என்று கோஷ்டி இழுத்தது. அல்ப்ஸில் ஏறினேன் என்று நிரூபிக்காவிட்டால் பை போனது போனதுதான்.

முதலில் ஹுதைபாவின் கடைக்குப் போனேன். கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சுவிஸில் யாரோ ஒருவருடைய மச்சான் சொன்னானாம். தனக்கு மோகனராஜ் அண்ணன்மேல் ஒரு கோபமும் இல்லை, சாட்சி வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

"ஏறினன்டா வீடியோ ஈக்கணுமே. அவர்ட மருமகன் சோத்தையும் வீடியோ எடுக்கிற ஆள்."

அம்பிட்டிய வீட்டில் மோகனராஜ் கதிரை போட்டு, பிளேன்டீ கொடுத்து, அன்றைக்குப் பனிமூட்டம், ஒன்றுமே எடுக்க முடியவில்லை என்றார். கொஞ்ச நேரத்தில் பனிமூட்டம் கமெராக் கோளாறாக மாறியது. உள்ளேயிருந்து அவர் மனைவி வடிவம்மாவின் குரல் வந்தது.

"அந்த வீடியோவக் காட்டிட்டுத் தொலைங்களேன். அது நெனப்பிலேயே தூங்க மாட்டேங்கிறாரு."

காட்டினார்.

ஜூலை மாதம், பளிச்சென்ற வெயில். அட்டை என்ற பேச்சே இல்லாத மலை. அதனால் என்ன? மலை என்றால் அட்டை என்று நம்புகிறவர் முழங்கால்வரை உப்புப் பூசிக்கொண்டிருக்கிறார். உச்சிக்குக் கொஞ்சம் கீழே எங்கேயோ மணிச்சத்தம். மலையும் மணியும் சேர்ந்தால் அவர் கணக்கில் முருகன்தான். சுவிஸில் தமிழர்கள் போகிற இடமெல்லாம் கோயில் கட்டியிருக்கிறார்கள் என்று மருமகன் துஷாந்த் வேறு சொல்லி வைத்திருந்தான். சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்துவிட்டு, மனிதர் கைகூப்பி நிற்கிறார்.

வளைவில் திரும்பி வந்தது முருகனல்ல. கழுத்தில் மணி கட்டிய மாட்டு மந்தை.

முதல் மாடு முகர்ந்தது. இரண்டாவது நக்கியது. மிச்சமெல்லாம் வரிசைக்கு வந்தன. யாழ்ப்பாணத்து மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வது வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது.

"மாமா, ஓடாதேங்கோ. அதுகள் உப்புக்குத்தான் வருதுகள்."

மாமா ஓடினார். கீழே மாடு, ஆகவே மேலே ஓடினார். ஓடி, அங்கே நட்டிருந்த சிலுவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அதுதான் சிகரம்.

மாட்டுக்காரப் பெண்ணொருத்தி சப்பாத்துகளைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, மாடுகளை அதட்டி விலக்கினாள். மொழி தெரியாத ஆளைக் கண்டால் கண்டித் தமிழனுக்கு வாயில் என்ன வரும்? "பொஹோம ஸ்தூதி, நோனா" என்று சிங்களத்தில் நன்றி சொன்னார். அவளும் தலையாட்டினாள்.

சிகரத்துக்கும் மானக்கேட்டுக்கும் இருப்பது ஒரே வீடியோ. முன்பகுதியை வெட்டிவிட்டால் போதும். தானாக வெட்டத் தெரியாது, மருமகனோ மாட்டேன் என்று சிரிக்கிறான். வெட்டித் தர அவருக்குத் தெரிந்த ஒரே கடை ஹுதைபாவின் கடை.

போயாவுக்கு முந்தின நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன், ஆறுதலுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹுதைபா ஒருமுறை பார்த்தார். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு முதுகு குலுங்கச் சிரித்தார். மறுபடி பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே குனிந்து துணிப்பையை எடுத்து வைத்தார்.

"இத வெட்ட வாணாம் அண்ணே. ஏறினது மெய்தான். எப்பிடி ஏறினதுன்டு எங்கட சட்டத்துல இல்ல. மாடு நக்கிற நக்கப் பாத்தா, ஒங்களப் போல உப்புப் பூச வேற ஆளும் இல்ல."

அன்றிரவே முழு வீடியோவும் கோஷ்டியின் வட்ஸ்அப்பில் ஓடியது. மறுநாள் ஹந்தானை அடிவாரத்தில் எல்லோரும் காலை நீட்டினார்கள். ஒருவர் 'அம்மா' என்று கன்றுபோலக் கத்தியதை மோகனராஜ் காதில் வாங்காதவர்போல இருந்தார். கத்தியவருக்கு மட்டும் கூடுதலாக இன்னும் கொஞ்சம் பூசினார்.

கையில் நல்ல வழுவழுப்பான தடி ஒன்று வைத்திருந்தார். ஏது என்று கேட்டேன். மலையிலிருந்து இறங்குவதற்கு அந்த மாட்டுக்காரப் பெண் கொடுத்ததாம். கீழே மாட்டுக்கொட்டிலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னாளாம். மாட்டுக்கொட்டில் என்றதுமே இவர் மறுபக்கமாகப் போய் கேபிள் கார் ஏறிவிட்டார். அவள் வேறு தடி வெட்டியிருப்பாள், விடுங்கள் என்கிறாள் மகள். இரவல் இரவல்தான் என்கிறார் இவர். சுவிஸ் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பெட்டியில் அடங்காது, கையில்தான் கொண்டுபோகவேண்டும்.