முன்சக்கரத்தை உதைத்தவர்

பாலக்கரை டயர் கடைக்காரரை எனக்குப் பிடித்ததே இல்லை. வெற்றிலைச் சிவப்பேறிய வாய், கசங்காத மல் துணி ஜிப்பா. எதைக் கேட்டாலும், பதில் சொல்லுமுன் டயரைச் செருப்புக் காலால் ஓர் உதை விடுவார்.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராய்ப் போய் மருந்து விற்றுக்கொண்டிருந்தேன். தேய்ந்துபோன முன் டயரைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பருத்த ஒன்றை மாட்டி அனுப்பினார் மனிதர். முக்கொம்பு சாலை வளைவில் நான் எவ்வளவு சாய்த்தும் வண்டி திரும்பாமல், நேரே வாய்க்காலைப் பார்த்துப் போயிற்று. மயிரிழையில் தப்பினேன்.

கடைக்கு வந்து கத்தினேன். டயரை உதைத்தார்.

"டயர் பிரமாதமா இருக்குங்க. உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியல."

"அப்ப நீங்களே ஓட்டிக் காட்டுங்க!"

ஏறிப் போனவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஜிப்பாவின் கை கிழிந்திருந்தது. வேட்டியில் வலது முழங்காலருகே ரத்தம். தெருவே வேடிக்கை பார்த்தது.

"இப்ப என்ன சொல்றீங்க?"

வழக்கம்போல் வலது காலைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. அடிபட்ட காலிலேயே நின்றுகொண்டு, இடது காலால் உதைத்தார்.

"பிரமாதமா இருக்குங்க."

அந்த ஓர் உதை மட்டும் எனக்குப் பிடித்துப்போயிற்று.