ஏலம் போன தாய் நண்டுகள்

அந்தக் கரையில் அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டால் அவள் புருஷனே ஒரு நிமிஷம் யோசித்துத்தான் சொல்வான். ஊருக்கு அவள் ‘மூணு தரம்’. மீன் இறங்கும் கொட்டகையில் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று, குச்சியை நீட்டி, ஒரு தரம், ரெண்டு தரம் என்று ஆரம்பித்தால் காக்கைகூட ஒதுங்கி உட்காரும். மூணு தரம் என்று குச்சி இறங்கிவிட்டால் தீர்ந்தது. அதற்குப் பிறகு யார் வந்து காலில் விழுந்தாலும் விற்றது விற்றதுதான்.

பெட்டியை அவளுக்கு யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ஐஸ் சுமக்க வந்தவள் அவள். முன்பிருந்த ஏலக்காரர் நல்ல மீனை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார் என்று தினமும் வம்புக்கு நின்றாள். ஒருநாள் அவர் வெறுத்துப்போய், அப்படியானால் நீயே வந்து கத்து என்று குச்சியை நீட்டினார். பேச்சுக்குத்தான் நீட்டினார், பாவம். இவள் வாங்கிக்கொண்டு ஏறிவிட்டாள். இன்றுவரை இறங்கவில்லை.

அந்த வாய் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. சட்டியில் மிஞ்சிய கடைசித் துண்டு மீனுக்கும் ஏலம்தான். புருஷன் படகு எஞ்சின் மெக்கானிக், வாயில் பூட்டுப் போட்ட மனுஷன். ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று கல்யாணத்தன்றே முடிவு செய்துவிட்டதாகச் சொல்வான். அவன் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

இப்படிப்பட்டவள் சாயங்கால வகுப்புக்குப் போனது படிக்க அல்ல, சண்டை போட. பள்ளிக்கூடத்து டீச்சர் வாரத்தில் சில நாள் ஐஸ் பிளாண்டுக்குப் பின்னால் ஊர்க்காரர்களை உட்காரவைத்து வகுப்பு நடத்திவந்தாள். கண்ணி சின்னதான வலை எதை அள்ளிக்கொண்டு போகிறது, கிணற்றுத் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது, கரையில் கொட்டுகிற குப்பை எங்கே போகிறது என்று ஊர்ச் சங்கதிதான் பாடம். முட்டை நண்டை விற்கக் கூடாது என்று அங்கே பேச்சு வந்ததாக இவள் காதுக்கு எட்டியது. முட்டை நண்டுக்குத்தான் நல்ல விலை. அதை விற்காமல் மடியில் கட்டிக்கொள்வதா? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சண்டைக்குப் போனவள் சம்பந்தியாகத் திரும்பி வந்தாள். டீச்சர் வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை. நண்டின் வயிற்றுக்கடியில் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்த முட்டையில் ஒரு துளி எடுத்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, பாருங்கக்கா என்றாள். இவள் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கரும்புள்ளி. கண்கள். அத்தனை கண்களும் இவளையே பார்த்தன.

“ஏங்க, அது என்னைப் பாக்குதுங்க” என்று வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அப்புறம் பக்கத்து வீட்டில் சொன்னாள், எதிர் வீட்டில் சொன்னாள், பஸ்ஸுக்கு நின்ற முன்பின் தெரியாதவரிடமும் சொன்னாள். முட்டை நண்டைத் தட்டில் பார்த்தால் நிறைமாதமாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூவி விற்கிற மாதிரி இருக்கிறதாம். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள், ஆனால் நண்டை விற்கவில்லை.

வகுப்பு ஒரு வழி கண்டுபிடித்தது. கொட்டகை மூலையில் சும்மா கிடந்த பழைய ஐஸ் தொட்டியில் கடல் தண்ணீர் நிரப்பி, முட்டை நண்டுகளை அதில் விடுவது. குஞ்சு பொரிந்ததும் தண்ணீரோடு குஞ்சைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, தாயை ஏலத்துக்கு அனுப்புவது. காசு படகுக்காரருக்கே. யாருக்கும் நஷ்டமில்லை என்றாள் டீச்சர். படகுக்காரர்களுக்கோ இழுபறி. நண்டு செத்துப்போனால் யார் ஜவாப் என்று கேட்டார்கள். கூட்டம் கலையப் பார்த்தது.

இவள் வாய் முந்திக்கொண்டது. “நான் ஜவாப். முதல் தொட்டி வீணாப் போச்சுன்னா நான் பெட்டியை விட்டு இறங்கிடறேன்.”

பின்வரிசையிலிருந்து அவள் நாத்தனார், எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல என்று சாட்சி சேர்த்தாள். நாத்தனாருக்கு அந்தப் பெட்டியின் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். மறுநாளே பெட்டியில் ஏறி உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டும் போனாள்.

முட்டை கறுத்து, பொரிகிற பருவத்தில் இருந்த நண்டுகளாகப் பொறுக்கித் தொட்டியில் விட்டார்கள். மெக்கானிக் ஒரு பழைய பேட்டரியை வைத்துக் காற்று மோட்டார் ஓட்டினான். இவளுக்குத் தூக்கம் போயிற்று. மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவள் மாதிரி தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

தூக்கமில்லாத அந்தக் கண்ணோடுதான் அடுத்த விடியற்காலை பெட்டியில் ஏறினாள். படகுகள் நிறைந்து வந்திருந்தன. கூடை, தட்டு, கூடை, தட்டு என்று வரிசை நீண்டு கிடந்தது. குச்சி ஓடியது, வாய் ஓடியது. வரிசையின் கடைசிக் கூடையை அடுத்துத் தொட்டி இருந்தது. குச்சி நிற்கவில்லை. அடுத்ததாகத் தொட்டியைத் தொட்டது. வாய் விலை கேட்டது. மொத்த வியாபாரி, எந்த நேரமும் வெள்ளைச் சட்டையோடு நிற்பதால் ‘வெள்ளைச் சட்டை’ என்று பெயர் வாங்கியவர், போனில் யாருடனோ பேசிக்கொண்டே பழக்கத்தில் விரலை உயர்த்தினார். ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்.

கொட்டகை அப்படியே உறைந்துபோயிற்று. தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு எல்லாரையும்விடக் கடைசியாகத்தான் புரிந்தது. புரிந்ததும் குச்சி கையிலிருந்து நழுவியது.

வெள்ளைச் சட்டை போனை வைத்துவிட்டு, வாங்கியது என்ன என்று எட்டிப் பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. முட்டை நண்டு கைக்கு எட்டாமல் போய் அவருக்கு எத்தனையோ நாளாக ஏக்கம். முன்பொரு தடவை அவர் ஐஸ் உருகிய கூடையைத் தெரியாமல் ஏலம் கேட்டுவிட்டுக் கெஞ்சியபோது, சொன்னது சொன்னதுதான் என்று அவர் தலையில் கட்டியவள் இவள்தான். அதை அவர் இப்போது நாசூக்காக ஞாபகப்படுத்தினார்.

டீச்சர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். வாய் தவறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா, ஊரே ஒத்துக்கும் என்றாள். அந்தத் தொட்டியை எவ்வளவு ஆசையாகப் பார்த்தாள் என்று இவளுக்குத்தான் தெரியும். விற்றது விற்றதென்றால் தொட்டியும் போகும், சொன்ன சொல்லுக்குப் பெட்டியும் போகும்.

“இன்னைக்கு மாத்தினேன்னா, நாளைக்கு எவன் டீச்சர் என் வாயை நம்புவான்?” என்றாள். “எடுத்துக்கங்க அண்ணே. நண்டு உங்களுது.”

நாத்தனார் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

ஆனால் அந்தக் கரையில் இன்னொரு வழக்கமும் உண்டு. வாங்கினவர்தான் சரக்கைத் தூக்க வேண்டும். வெள்ளைச் சட்டை நண்டு வியாபாரத்திலேயே தலை நரைத்தவர், ஆனால் கால் கட்டாத நண்டை அவர் வாழ்க்கையில் தொட்டதில்லை. அவரிடம் வரும் நண்டெல்லாம் கயிறு சுற்றி, சாதுவாக, கூடையில் அடுக்கி வரும். தொட்டியில் கிடந்தவையோ முட்டையைக் காலால் விசிறிக்கொள்ள வசதியாகக் கட்டவிழ்த்து விட்ட தாய்மார்கள்.

கூலிக்கு ஆள் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவனுக்குத் திடீரென்று வலை கிழிந்திருப்பது நினைவுக்கு வந்தது. இன்னொருவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நண்டைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டக்கூடிய மெக்கானிக், கொட்டகைக் கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று அண்ணாந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான்.

கடைசியில் வெள்ளைச் சட்டை ரோஷத்தோடு பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். இறங்கியதுதான் தெரியும். ஒரு நண்டு சட்டை நுனியைப் பிடித்தது. அதை உதறத் திரும்பினார், இன்னொன்று பின்பக்கத்தைக் கவனித்துக்கொண்டது. தண்ணீருக்குள் அவர் ஆடிய ஆட்டத்துக்கு எந்தப் பாட்டும் ஈடுகொடுக்காது. வழுக்கி உட்கார்ந்தார், கழுத்துவரை நனைந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். கரை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. படகிலிருந்தவர்கள் மீனை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். நாத்தனார்கூடச் சிரித்துவிட்டு, பிறகு சுதாரித்துக்கொண்டாள்.

இவள் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியை விட்டு இறங்கி, நேராகப் போய்த் தொட்டிக்குள் காலை வைத்தாள்.

“தள்ளுங்க அண்ணே. வித்தது என் வாய், பிடிச்சுக் குடுக்கிறதும் என் கைதான்.”

கண்ணில் நீர் வழிய, முதல் நண்டைப் பின்பக்கமாகப் பிடித்துத் தூக்கினாள். கட்டுவதற்காக மல்லாத்தினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

வயிறு காலி. பஞ்சுமில்லை, கறுப்புமில்லை, துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அடுத்ததைத் தூக்கினாள், அதுவும் காலி. “டீச்சர்” என்று கூப்பிட்டாள், குரல் கீச்சென்று வந்தது. டீச்சர் கைவிளக்கைத் தண்ணீரின் மேல் பிடித்தாள். விளக்கு விழுந்த இடத்தை நோக்கித் தூசி நகர்ந்து வந்தது. தூசி நீந்துமா? அது துள்ளியது, கூடியது, ஒரு மேகமாகத் திரண்டது. எல்லாரும் ஏலத்தில் மும்முரமாக இருந்த நேரத்தில் தாய்மார்கள் சத்தமில்லாமல் காரியத்தை முடித்துவிட்டார்கள்.

“அசையாதீங்க” என்றாள் டீச்சர் வெள்ளைச் சட்டையிடம். “உங்க சட்டையெல்லாம் குஞ்சு.”

மனிதர் சிலையானார். கையைத் தூக்கினால் சொட்டுகிறது, சொட்டினால் குஞ்சு. நாலு பேர் சேர்ந்து அவர் சட்டையைப் பூப்போலக் கழற்றி வாளியில் அலசினார்கள். பிறகு தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு வாளியிலும் டிரம்மிலும் நிரப்பிக்கொண்டு ஊரே கடலுக்கு ஓடியது. இடுப்பு பிடித்தவன்தான் முதலில் ஓடினான். மெக்கானிக் இரண்டு வாளியோடு ஓடினான். வெள்ளைச் சட்டை சட்டையில்லாமல் ஓடினார். இவள் முன்னால் போய், சிந்தாம, சிந்தாம, ஓரம் போங்க, புள்ளைங்க வருது என்று கத்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் வழி விலக்கினாள். போன வழியிலேயே திரும்பி வந்து, மறுபடி கத்திக்கொண்டு போனாள். தொட்டி வற்றும்வரை அந்தக் கூத்து நடந்தது.

கடைசி வாளியை முழங்கால் தண்ணீரில் நின்று வெள்ளைச் சட்டைதான் ஊற்றினார். இதில் எத்தனை பிழைக்கும் என்று கேட்டார். ஆயிரத்தில் ஒன்று பிழைத்தாலே அதிர்ஷ்டம் என்றாள் டீச்சர்.

“ஒண்ணுதானாம்மா?” என்றார். தன் வீட்டுப் பிள்ளையைக் குறைத்துச் சொல்லிவிட்ட மாதிரி முகம் சுருங்கிவிட்டது.

திரும்பி வந்து இவள் நண்டுகளைக் கட்டி, எண்ணிக்கை குறைக்காமல், பேசின விலைக்கே அவர் கூடையில் வைத்தாள். ஒன்றுக்கு மட்டும் வயிற்றில் இன்னும் கறுப்பு ஒட்டியிருந்தது. அதையும் கட்டப் போனாள். அது கிடக்கட்டும், அப்புறம் வந்து எடுத்துக்கிறேன் என்று வெள்ளைச் சட்டை கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடிந்தது. பெட்டியில் ஏறினாள், வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. முந்தின நாள் கத்திய கத்தலில் தொண்டை கட்டிப்போயிருந்தது. வெறும் கிசுகிசுப்பு. கூட்டத்தில் சலசலப்பு. இதுதான் சமயம் என்று நாத்தனார் ஓர் அடி முன்னால் வைத்தாள்.

வெள்ளைச் சட்டை கூட்டத்தைப் பிளந்துகொண்டு பெட்டியோரமாக வந்து, காதுக்குக் கையை அணைத்து நின்றார்.

“கொஞ்சம் சும்மா இருங்கப்பா,” என்றார். “அக்கா பேசுது.”

கரை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நெருங்கி வந்து நின்றது.