டிரம்மும் நானும் ஃபெர்ரியில் வந்த அக்காவும்

எங்கள் தீவில் எதிர்க்கரையான பாம்பூஃப்ளாட் கடற்கரையில் இன்று மாலை எங்கள் குழுவின் கோடைக் கச்சேரி. பெரிய டிரம்மைத் தூக்கிக்கொண்டு சாத்தம் படகுத்துறையில் ஃபெர்ரி ஏறினேன்.

இருக்கையில் டிரம்மை வைத்ததுதான் தாமதம், மீன்கூடையோடு நின்ற அக்கா, இங்கே எல்லோருக்கும் பொதுமொழியான இந்தியில் பிடித்துக்கொண்டார். இது மனிதர் உட்காரும் இடமா, மேளம் உட்காரும் இடமா என்று கேட்டார். நானும் விடவில்லை. அக்கரை வரை இந்தியிலேயே சண்டை.

ஃபெர்ரி அக்கரைப் படகுத்துறையில் இடித்ததும் டிரம் உருண்டது.

"ஐயோ, புடி புடி!"

இருவரும் சேர்ந்தே கத்தினோம். பிடித்தது அக்காதான்.

"தமிழா மக்கா? எந்த ஊரு?"

"அப்பாவுக்குத் தூத்துக்குடி, அக்கா."

"நம்ம பக்கந்தான்! கல்யாணம் ஆயிட்டா?"

உடனே மறுபடி இந்திக்கு மாறிவிட்டேன். தப்பிக்க வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள், திரும்பும் ஃபெர்ரியிலும் அக்கா வருகிறாராம்.