ஓரகத்தியிடம் ஒரு வார்த்தை சொல்லப் போனேன்

காலை ஒன்பது மணி. வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையத்தில் ஐந்து ரூபாய் கொடுத்துத் திருமயிலைக்குச் சீட்டு வாங்கினேன். தூரம் பத்துக் கிலோமீட்டர்தான். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளுங்கள். காசிக்குப் போனவர்கூட இவ்வளவு பயந்துகொண்டு போயிருக்க மாட்டார். நான் கிளம்பியது என் ஓரகத்தி சரோஜா அக்காவிடம், "எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும்" என்று வாய்விட்டுச் சொல்வதற்காக.

அக்கா என் கணவருடைய அண்ணனின் மனைவி. மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அண்ணன் காலமான பிறகு தனியாக இருந்தார். மறுநாள் கோயம்புத்தூருக்கு, மகள் வீட்டோடு தங்கிவிடப் போகிறார். வேளச்சேரியில் இடுப்பளவு தண்ணீர் நின்ற ஒரு மழையில், புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நடந்தே வந்து எங்களைத் தன் வீட்டுக்கு இழுத்துப் போய்ப் பத்து நாள் சோறு போட்ட மனுஷி. கிளம்பும்போது "வர்றோம்க்கா" என்றேன். அவ்வளவுதான். திருநெல்வேலியில் எங்கள் வீட்டுப் பழக்கம் அது. பாசம் பொங்கினால் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுவோம், வாயைத் திறக்க மாட்டோம். ஆனால் இந்த முறை சொல்லாமல் அனுப்பிவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

கோட்டூர்புரம் பக்கம் ரயில் ஆற்றைத் தாண்டும்போது உதட்டுக்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன். எதிர் இருக்கை அம்மாள் என்ன சுலோகம் என்று கேட்டார். எல்லாம் நல்லதுக்குத்தான் என்று சமாளித்தேன்.

ஒன்பதே முக்கால். தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்தில் அக்கா வீடு பூட்டிக் கிடந்தது. போன் போட்டால் ஒரே இரைச்சல். பெட்டி வாங்க ரங்கநாதன் தெருவுக்கு வந்திருக்கிறாராம். சனிக்கிழமையில் அங்கே போகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். லஸ், ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை என்று சிக்னலுக்குச் சிக்னல் நின்றதில் ஓட்டுநரிடம் விஷயத்தைக் கொட்டிவிட்டேன். அதைப் போய் நேரில் சொல்வானேன், வாட்ஸாப்பில் ஒரு ஹார்ட் போட்டால் போச்சு என்றார். இறங்கும்போது, வாய்விட்டுச் சொல்லிப் பழகிப் பார்க்கலாமே என்று, "நல்லா பதமா ஓட்டினீங்கண்ணே, ரொம்ப சந்தோஷம்" என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இன்னாமா, சில்லறை இல்லியா?"

நல்ல வார்த்தைக்கு இந்த ஊரில் உள்ள மதிப்பு அவ்வளவுதான்.

பத்தே முக்கால். ரங்கநாதன் தெருவில் நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஒரு கடை வாசலில் அக்கா பெட்டியின் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர் ஸ்டூல்மேல் நின்று மைக்கில் நைட்டி விற்றுக்கொண்டிருந்தார். நான் அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னேன். காதில் விழவில்லை. மறுபடியும் சொன்னேன். அக்கா நிதானமாகத் தலையாட்டினார்.

"உனக்கு என்னைப் புடிக்காதுன்னு தெரியும்டி மீனா. ஊருக்குப் போறவகிட்ட வந்து அதைச் சொல்லணுமா?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றுவிட்டது. இத்தனை வருஷமும் அப்படி நினைத்துக்கொண்டா எனக்குச் சோறு போட்டார்? வெட்கமாவது மானமாவது என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"பிடிக்காதுன்னு சொல்லலக்கா, பிடிக்கும்! எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும்!"

நைட்டிக்காரர் வியாபாரத்தை நிறுத்தினார். எங்களைப் பார்த்தார். மைக்கை வாயருகே கொண்டுபோய், "யக்கா, இவங்களுக்கு உங்களைப் புடிக்குமாம். ரொம்பப் புடிக்குமாம்" என்று மாம்பலம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார்.

அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். டாக்டர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன், இது வெறும் பாசம்தான் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நைட்டிக்காரர் பக்கம் கையை நீட்டி மைக்கை வாங்கினார்.

"எனக்கும் இவளை ரொம்பப் புடிக்கும். நாங்க ரெண்டு பேரும் ஓரகத்திங்க. எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க."

திருநெல்வேலியில் எங்கள் தெருவில் இப்படிக் கத்தியிருந்தால் சாமி வந்துவிட்டது என்று வேப்பிலையோடு ஓடி வந்திருப்பார்கள். ரங்கநாதன் தெருவில் கை தட்டினார்கள். அக்கா இனி கோயம்புத்தூருக்கென்ன, அமெரிக்காவுக்கே போகட்டும். நான் சொல்லிவிட்டேன், ஊரே கேட்டுவிட்டது.